சத்தம் வராத இடம்

அண்ணாச்சி, அந்த வேன் நம்பரை மைக்குல அப்புறம் வாசிக்கலாம். என் பிள்ளையைக் காணோம்.

பேரு ராஜகனி. இல்லை இல்லை, அது என் பேரு. பிள்ளை பேரு சஷ்டிகா. அஞ்சு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. சட்டையில வாத்துப் படம் போட்டிருக்கும். ஊரு மேலச்செங்குளம். அப்பா பேரு சுயம்பு, லோடு ஆட்டோ வச்சிருக்காரு. எழுதிக்கிட்டீங்களா? பேனா எழுதலையா? உதறுங்க. சரி விடுங்க, இந்தாங்க, என் பையில ஒண்ணு இருக்கு. எங்க போனாலும் எல்லாம் எடுத்துட்டுத்தான் போவேன். பேனா, ஊசி நூலு, காய்ச்சல் மாத்திரை, தீப்பெட்டி, பத்து முழம் கயிறு. எல்லாம் இருக்கு. பிள்ளைதான் இல்லை.

நான் அழலை அண்ணாச்சி. அழுதா எனக்குச் சொல்ல வராது, உங்களுக்கு எழுத வராது. அழாமச் சொல்லுதேன்.

எவ்வளவு நேரமாச்சா? ஒரு மணி நேரம். ஒண்ணேகால்னு வச்சுக்கோங்க. சாப்பாடு முடிஞ்சுது. நான் ஏனமெல்லாம் அள்ளிக்கிட்டு ஆத்துக்குப் போனேன். இவர் கூடாரத்துக்குள்ள காலை நீட்டிட்டாரு. அத்தை, அதான் என் மாமியார், சின்னவனைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. இவ பாயில உக்காந்து கல்லு அடுக்கிக்கிட்டு இருந்தா. ஏனம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? சோத்துப் பானை அடி பிடிச்சிருந்துது, அதைத் தேய்க்கக் கொஞ்சம் கூட ஆச்சு. திரும்பி வந்தா அடுக்கின கல்லு அப்படியே இருக்கு, பிள்ளை இல்லை.

கூடாரம் எங்க இருக்கா? அது வந்து அண்ணாச்சி, எப்படிச் சொல்ல. கோயிலுக்கு மேற்கே, பந்தல் கடையெல்லாம் தாண்டி, மொட்டை போடுற இடமும் தாண்டி, ஆத்துல அந்தப் பெரிய பாறைக்கு அங்கிட்டு ஏறினா ஒரு ஒத்தையடிப் பாதை. அதுல பத்து நிமிஷம் நடந்தா ஒரு மேடு. பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்ல? ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லைன்னுதானே அந்த இடத்தைப் பிடிச்சேன்.

சுருக்கமாத்தான் சொல்லுதேன். நீங்க எழுதுங்க.

உங்களுக்குத் தெரியாததா, ஆடி அமாவாசைக்கு நாலு நாள் இங்க கூடாரம் போட்டுக் கிடந்து சாஸ்தாவைக் கும்பிட்டுட்டுப் போறது எங்க வீட்டுக்காரர் குடும்பத்துல வழிவழியா உள்ளது. எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷம். ஏழு வருஷமும் இவங்க இடம் பிடிச்ச லட்சணத்தை நான் பாத்துட்டேன். முதல் வருஷம் ஆத்தங்கரை. பாக்க அழகா இருக்கு, மணல் மெத்தை மாதிரி இருக்குன்னு போட்டாங்க. மேல மலையில மழை பெஞ்சு விடியக்காலம் பாயெல்லாம் மிதக்குது. புதுப்பொண்ணு நானு, பட்டுச்சேலையைத் தலையில வச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில நிக்கேன். அடுத்த வருஷம் கிடா வெட்டுற இடத்துக்குப் பக்கத்துல. அதுக்கு அடுத்த வருஷம் இந்த மைக் செட்டுக்கு நேர் கீழ. கோவிச்சுக்காதீங்க, உங்க குரல் நல்ல குரல்தான். ஆனா காலையில நாலு மணிக்கு காதுக்குள்ள வந்து 'பக்தகோடிப் பெருமக்களே'ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

அதனால இந்த வருஷம் நான் சொல்லிட்டேன். "இடம் நான் பாக்கேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

இவர் சிரிக்காரு. "ஏட்டி, நீ என்ன வீடா கட்டப் போற? நாலு கம்பு, ஒரு தார்ப்பாய்."

"நாலு கம்புக்கும் தரை வேணும்லா?" அப்படின்னு கேட்டேன்.

ரெண்டு நாள் முன்னாடியே ஆட்டோவுல வந்துட்டோம். நான் பாட்டுக்கு நடந்தேன். சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு, நல்ல இடம்னு தோணின இடத்துல எல்லாம் தரையில ஊத்திப் பாத்தேன். தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எவ்வளவு நேரம் தேங்குது. அப்புறம் கொஞ்சம் சாம்பலை அள்ளித் தூவிப் பாத்தேன், காத்து எங்கிருந்து வருதுன்னு. அடுப்புப் புகை கூடாரத்துக்குள்ள வந்தா பிள்ளைகளுக்கு ஆகாதுலா. மேல பாத்தேன், பட்ட கிளை தொங்குதான்னு. கீழ பாத்தேன், எறும்புப் புத்து இருக்கான்னு. மூங்கில் பக்கம் போகவே இல்லை, யானை மூங்கிலுக்கு வரும். கடைசியா அந்த மேட்டுல மல்லாக்கப் படுத்தே பாத்துட்டேன் அண்ணாச்சி. முதுகுல ஒரு கல்லு குத்தலை. எங்க பள்ளிக்கூடத்துல ஏழாவது படிக்கும்போது, ஆதி மனுஷன் எதைப் பாத்துக் குடியேறினான்னு டீச்சர் கேட்டாங்க. தண்ணி, மேடு, நிழல், பாதுகாப்புன்னு நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன். அந்த நாலும் அங்க இருக்கு. நாலு மூலையிலயும் கல்லை வச்சு, கயித்தைச் சுத்தி, என் பழைய சேலையை நடுவுல விரிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன். அப்படிப் போட்டா அது நம்ம இடம், ஒருத்தரும் தொட மாட்டாங்க. போடாமலே வந்திருந்தாலும் ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்கன்னு அத்தை சொன்னாங்க. அங்க யாரு வருவா?

"நாலு சனம் முகம் தெரியுத இடத்துல இருந்தாத்தானே திருவிழா, இது என்னட்டீ, ஊரை விட்டு ஒதுக்கி வச்ச மாதிரி"ன்னு அத்தைக்கு மனத்தாங்கல். கீழ எல்லாக் கூடாரமும் தோளோட தோள் ஒட்டித்தானே கிடக்கு. ஒரு கூடாரத்துக் கயிறு அடுத்த கூடாரத்துக் கம்புல. ஒரு வீட்டுப் பிள்ளை அழுதா நாலு வீட்டுக்காரி எந்திரிச்சுப் பாப்பா. நான்தான் சொன்னேன், "அத்தை, கக்கூஸ் நாத்தம் இல்லை, குடிகாரன் இல்லை, ஜெனரேட்டர் புகை இல்லை, ஒரு சத்தம் இல்லை. இதைவிட என்ன வேணும்?"

இப்பமும் சொல்லுதேன். இடத்துல ஒரு குத்தமும் இல்லை.

என்ன கேட்டீங்க? அடையாளமா? வலது முழங்கால்ல ஒரு தழும்பு, சைக்கிள்ல விழுந்தது. தாடையில மச்சம். காதுல சின்னத் தோடு, பூ மாதிரி. தலையில ரெட்டைக் குடுமி... இல்லை, இன்னைக்கு விரிச்சுப் போட்டு ஒத்தை ரப்பர் பேண்டு. காதை மூடுற மாதிரி. வேற அடையாளமா? வேற என்ன... நடக்கும்போது குதிச்சுக் குதிச்சு நடப்பா. அவ்வளவுதான். நீங்க முதல்ல இதை வாசிங்க அண்ணாச்சி. மணி நாலாகப் போகுது. இந்தக் காட்டுல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும்.

ஐயோ, அப்படி வாசிக்காதீங்க. 'சஷ்டிகா, நீ எங்கிருந்தாலும் உடனே மைக் செட்டுக்கு வரவும்'னு அவகிட்டச் சொல்லாதீங்க. மத்தவங்ககிட்டச் சொல்லுங்க. பச்சைப் பாவாடை கட்டின பிள்ளையைப் பாத்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுங்க. ஏன்னா... சின்னப் பிள்ளைலா, அவளுக்கு மைக்குல சொன்னா என்ன புரியும்? மைக்குல வாரது யாரு குரல்னே தெரியாது. ஆமா, அதுக்குத்தான்.

இவரா? இவர் ஆத்துப் பக்கம் போயிருக்காரு. அணைக்கட்டு வரைக்கும் பாத்துட்டு வாரேன்னு ஓடினாரு. சட்டை கூடப் போடலை. ஆத்துப் பக்கம்னு சொல்லும்போது அவரு முகத்தை நான் பாக்கலை, அவரும் என் முகத்தைப் பாக்கலை. அத்தை கடைப் பக்கம் போயிருக்காங்க, இடுப்புல சின்னவனை வச்சுக்கிட்டு. போன் எடுக்காது அண்ணாச்சி, இந்தக் காட்டுல எங்க டவர் இருக்கு. நான் இங்க ஓடி வந்தேன். வழியெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். கூப்பிட்டுக்கிட்டா? இல்லை. கூப்பிடலை. மூச்சு வாங்குச்சு, எங்க கூப்பிட.

பேசிக்கிட்டே இருக்கேன்னு நினைக்காதீங்க. பேச்சை நிப்பாட்டினா ஆத்துத் தண்ணி கண்ணுக்குள்ள வருது.

இந்தத் தம்பி யாரு, சிவப்புத் துண்டு? தொண்டரா? என்ன தம்பி? பாத்தியா? பச்சைப் பாவாடையா? வாத்துப் படம் இருந்துச்சா? எங்க? மொட்டை போடுற இடத்துலயா? எப்போ, அரை மணி நேரம் முன்னாடியா? நீ ஏன்ப்பா பிடிச்சு நிறுத்தலை? கூப்பிட்டியா? 'பாப்பா, ஏ பாப்பா, யாரு வீட்டுப் பிள்ளை'ன்னு கத்திக் கூப்பிட்டியா? நாலு தடவையா? திரும்பியே பாக்காமப் போச்சா. முன்னால அவங்க அம்மா அப்பா போறாங்க போலன்னு விட்டுட்டியா. சரிப்பா. உன் மேல குத்தம் இல்லை. போ, அந்தப் பக்கமே போய்ப் பாரு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். கூப்பிடாத. ஓடிப் போய்ப் பிடி. பின்னால இருந்து தொடாத, பயந்து ஓடிருவா. முன்னால போய் நில்லு.

அண்ணாச்சி, ஏன் என்னையே பாக்கீங்க?

நாலு தடவை கூப்பிட்டும் திரும்பலைன்னா என்ன அர்த்தம்னா கேக்கீங்க? விளையாட்டுப் புத்திதான்... இல்லை. சொல்லிருதேன். கிட்ட வாங்க. அந்த மைக்கை அணைச்சிட்டீங்கல்லா? சிவப்பு லைட்டு எரியலையே?

பிள்ளைக்குக் காது கேக்காது.

பொறந்ததுல இருந்தே. ரெண்டரை வயசுல காப்பீட்டுக் கார்டுல ஆபரேஷன் பண்ணினோம். தலைக்குள்ள ஒண்ணு வச்சிருக்காங்க, வெளியில காதுக்குப் பின்னால ஒரு மெஷின். காந்தம் மாதிரி ஒட்டிக்கும். அதை மாட்டினா கேக்கும். நல்லாவே கேக்கும் அண்ணாச்சி. வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறிப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன், மூணு வருஷமாகப் போகுது. 'அம்மா பூ தா', 'தம்பி தூங்கிட்டான்', எல்லாம் சொல்லுவா. போன மாசம் 'எனக்குக் கத்திரிக்கா வேண்டாம்'னு சொன்னா. ரோட்டுல நின்னு அழுதேன். கத்திரிக்கா வேண்டாம்னு சொன்னதுக்கு அழுத தாய் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மெஷினைக் கழட்டிட்டா ஒண்ணும் கேக்காது. இடி இடிச்சாலும் கேக்காது.

மெஷின் எங்கயா?

இந்தா, என் இடுப்புப் பையில.

அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி. காரணம் இருக்கு. அதுக்கு பேட்டரி. ராத்திரி ராத்திரி சார்ஜ் போடணும். ரெண்டு பேட்டரி கொண்டாந்தேன். ஒண்ணு வரும்போதே தீந்துட்டு. இன்னொண்ணு நாலு நாள் வரணும். அந்த மேட்டுல கரண்டு ஏது? அதனால காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மாட்டிட்டு மத்த நேரம் கழட்டி டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். ஆத்துப் பக்கம் ஓடுத பிள்ளை, தண்ணியில விழுந்தா மெஷின் போச்சுலா. கணக்கா யோசிச்சுத்தான் செஞ்சேன்.

ஆமா. இங்க ஜெனரேட்டர் ஓடுது. ஆமா, அந்தப் பலகையில வரிசையா நாப்பது போன் சார்ஜ் ஏறுது. பாத்தேன். நேத்தே பாத்தேன். நேத்து ராத்திரி இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு உங்க பந்தக்கால் வரைக்கும் வந்தேன் அண்ணாச்சி. அந்தப் பலகையைச் சுத்தி ஒரே கூட்டம். எங்க நாத்தனார் வீட்டுக்காரங்க வேற நிக்காங்க. பேட்டரியை எடுத்துச் சொருகினா, இது என்ன போனுக்கு உள்ளதுன்னு கேப்பாங்க. அப்புறம் யாருக்குன்னு கேப்பாங்க. அப்புறம் 'அடப்பாவமே'ன்னு உச்சுக் கொட்டுவாங்க. அப்படியே திரும்பிட்டேன்.

எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்லை. என் பிள்ளைக்கு நான் எதுக்கு வெட்கப்படணும்? அத்தைக்காகத்தான். இங்க வாரது பூராவும் இவங்க வகையறா. பதினெட்டு ஊரு ஆளு வாராங்க. நாளைக்கு இவ வளந்து பெரிய பிள்ளையானா, இங்க பாத்த ஆளுகதானே பொண்ணு கேட்டு வரணும்? 'அது செவிட்டுப் பிள்ளை'ன்னு ஒரு பேரு விழுந்துட்டா அதை எந்த ஆபரேஷன்ல எடுக்க? அத்தைக்கு அது பெரிய கவலை. வாயைத் திறந்து சொன்னதில்லை, ஆனா எனக்குத் தெரியும். மருமக நான்தானே பாத்துச் செய்யணும். அதனாலதான் முடியைக் காது மேல விட்டு ரப்பர் பேண்டு போடுதது. அதனாலதான்...

இல்லை. இடம் அதுக்காகப் பிடிக்கலை. இடம் தண்ணி வடியுத இடம்னு பிடிச்சது. சொம்புல ஊத்திப் பாத்தேன்னு சொன்னேன்லா?

மைக்குல சொல்லணுமா? ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி. கையெடுத்துக் கும்பிடுதேன். வேற மாதிரிச் சொல்லுங்க. 'சொன்ன பேச்சு கேக்காத பிள்ளை'ன்னு சொல்லுங்களேன். பொய்யில்லைலா அது? 'கூப்பிட்டா வர மாட்டாள், கூச்ச சுபாவம்'னு சொல்லுங்க. நீங்க எவ்வளவோ நயமாப் பேசுத ஆளு, ஒரு வழி கண்டுபிடிங்க.

நேரம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த மலையில வெயில் பாதி இறங்கிட்டு. பின்னால வேன் ஹாரன் அடிச்சா அவளுக்குத் தெரியாது. ஆத்துல இறங்கும்போது கரையில நிக்கிறவன் 'பள்ளம், பள்ளம்'னு கத்தினா தெரியாது. காட்டுக்குள்ள போயிட்டா, நான் பத்தடியில நின்னு பேரைச் சொல்லி அலறினாலும் அவ பாட்டுக்கு எதிர்த் திசையில குதிச்சுக் குதிச்சுப் போய்க்கிட்டே இருப்பா. எல்லாம் தெரியும். ஒரு நிமிஷம் இருங்க. ஒரே நிமிஷம். இவர் வந்துரட்டும், இவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். இல்லை அத்தை வரட்டும்...

அங்க வாராங்க. அத்தை! அத்தை, இந்தா, இங்க இருக்கேன்! கிடைச்சாளா?

கிடைக்கலையா.

உக்காருங்க அத்தை. சின்னவனை இப்படித் தாங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு. என்னது? கடைகடையாக் கேட்டீங்களா? என்ன சொல்லிக் கேட்டீங்க?

என்ன சொன்னீங்க?

அத்தை, எல்லார்கிட்டயுமா?

அண்ணாச்சி, கேட்டீங்களா இவங்க சொல்லுதது? வளையல் கடையில இருந்து இங்க வரைக்கும், பாத்த ஆளுகிட்ட எல்லாம், 'என் பேத்திக்குக் காது கேக்காது, தலையில ஆபரேஷன் பண்ணின பிள்ளை, யாராவது பாத்தீங்களா'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டே வந்திருக்காங்க. நாத்தனார் மாமியார்கிட்டயும் சொல்லிட்டாங்களாம். அந்தம்மா சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடித் தேடிக்கிட்டு இருக்காம்.

அத்தை, ஊரு வாயில விழும்னு நீங்க நினைக்கலையா? நான் உங்களுக்காகத்தானே ஏழு வருஷ இடத்தை எல்லாம் விட்டுட்டு அந்த மேட்டுல கொண்டு போய்...

திட்டாதீங்க அத்தை. சரி, திட்டுங்க. இல்லை, நீங்க ஒரு நாளும் சொல்லலை. மறைக்கச் சொல்லிச் சொல்லலை. போன வருஷம் மெஷினைப் பாத்துட்டு 'ஒரு பூப்போட்ட உறை தைச்சு மாட்டுட்டீ, அழகா இருக்கும்'னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கு. சொன்னீங்க. நான் தைக்கலை.

குடுங்க அண்ணாச்சி அதை. நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். இந்த முனையிலயா பேசணும்? கிட்ட வச்சா? கேக்குதா?

எல்லாருக்கும் வணக்கம். நான் மேலச்செங்குளம் ராஜகனி. சுயம்பு வீட்டுக்காரி. என் பிள்ளை சஷ்டிகாவைக் காணோம். அஞ்சு வயசு, பச்சைப் பாவாடை, வாத்துப் படம் போட்ட மஞ்சள் சட்டை. அரை மணி நேரம் முன்னாடி மொட்டை போடுற இடத்துல ஒருத்தர் பாத்திருக்காரு. என் பிள்ளைக்குக் காது கேக்காது. சுத்தமாக் கேக்காது. மெஷின் மாட்டினா கேக்கும், மெஷினை நான்தான் கழட்டி வச்சிருக்கேன். அவளைப் பாத்தா யாரும் கூப்பிடாதீங்க. கூப்பிட்டுட்டு, திரும்பலைன்னு விட்டுராதீங்க. முன்னால போய், அவ உசரத்துக்குக் குனிஞ்சு, முகத்தைக் காட்டுங்க. சிரிங்க. சிரிச்சா நிப்பா. காதுக்கு மேல முடியை விலக்கிப் பாருங்க, தழும்பு இருக்கும், பிறை மாதிரி. அதான் அடையாளம். அதை நான் முதல்ல சொல்லலை. இப்போ சொல்லுதேன். ஆத்துல நிக்கிறவங்க தண்ணியைப் பாருங்க. வேன் ஓட்டுதவங்க பின்னால இறங்கிப் பாத்துட்டு எடுங்க, ஹாரன் அடிச்சாப் போதும்னு நினைக்காதீங்க. சுயம்பு, நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியலை. கூடாரத்துக்குப் போகாதீங்க. இங்க வாங்க. நான் இங்க நிக்கேன்.

போதுமா அண்ணாச்சி? இன்னொரு தடவை சொல்லட்டுமா? இன்னொரு தடவை சொல்லுதேன். காது கேக்காத பிள்ளை அது. காது கேக்காத பிள்ளை. பச்சைப் பாவாடை...

ஏன் மேளத்தை நிப்பாட்டிட்டாங்க? நான் பேசுதது கேக்கணும்னா? அவளுக்குத்தான் கேக்காதே. சரி, மத்தவங்களுக்குக் கேக்கட்டும். எல்லாரும் எந்திரிச்சு நிக்காங்க, அத்தை. பாருங்க, ஒரு கூடாரத்துலயும் ஆளு உக்காந்திருக்கலை. எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பிள்ளைகளோட முகத்தைப் பாக்காங்க.

என்ன அண்ணாச்சி? எங்க? அந்தப் புளியமரத்துப் பக்கமா? எனக்குத் தெரியலையே. பெஞ்சு மேல ஏறட்டுமா? பிடிச்சுக்கோங்க அத்தை. சின்னவனைப் பிடிங்க.

ஒரு ஆளு தோள்ல ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டுதாரு. பாவாடை... பச்சைதான். ஆனா தலை மொட்டையா இருக்கே? இல்லை, பின்னால இருக்கிறது வேற ஆளோட தலை. முடி இருக்கு. வாயில ஏதோ ஐஸ் வச்சிருக்கா. யாரு வாங்கிக் குடுத்தாங்களோ. அவதான். அத்தை, அவதான். அவதான் அண்ணாச்சி.

வேண்டாம், மைக்குல கூப்பிடாதீங்க. நீங்களும் கத்தாதீங்க அத்தை. எல்லாரும் ஒரே நேரத்துல கையைக் காட்டினா பிள்ளை மிரண்டு போகும். அங்க, அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு இருக்கா. என்னைத்தான் தேடுதா. கூட்டம் பூரா நடுவுல நிக்குது. அண்ணாச்சி, நீங்க ஒண்ணு செய்ங்க. அந்தக் குடை பிடிச்சிருக்கிற ஆளை மட்டும் கொஞ்சம் விலகச் சொல்லுங்க. அவ என் முகத்தைப் பாக்கணும்.